ஓட்டுப் போட ஆள் வராதது யார் குறை? தேர்தல் நடத்தும் முறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு தேர்தல் முடிந்த மறுநாளும் இதே பேச்சுதான். எத்தனை சதவீதம், போன தடவையைவிடக் கூடவா குறைவா, படித்தவர்கள் ஏன் வரவில்லை. நான் அரசுப் பள்ளி ஆசிரியர். நான்கு தேர்தல்களில் பூத்தில் வேலை பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு முறை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால், வந்தும் ஓட்டுப் போட முடியாமல் திரும்பிப் போகிறவர்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். பட்டியல், பூத், தேதி, நேரம், படிவம் என்று தேர்தலை நடத்துகிற முறைக்குள்ளேயே ஆட்களை வரவைக்கிற விஷயமும் இருக்கிறது, விரட்டுகிற விஷயமும் இருக்கிறது. நண்பர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சென்னைக்காரர்களுக்கு அக்கறை இல்லை, லீவு கிடைத்தால் ஊர் சுற்றப் போய்விடுகிறார்கள், அதனால்தான் அங்கே ஓட்டு குறைவு. சரிதானே?

பாதிகூடச் சரியில்லை என்பது என் கருத்து. முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் மொத்த வாக்குப்பதிவு 69.72%. தர்மபுரியில் 81 சதவீதத்துக்கு மேல். மத்திய சென்னையில் 53.96%, தென் சென்னையில் அதைவிடக் கொஞ்சம் கூட. இதைப் பார்த்ததும் கிராமத்தான் பொறுப்பானவன், நகரத்தான் பொறுப்பில்லாதவன் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

ஆனால் சதவீதம் என்பது ஒரு பின்னம். மேலே ஓட்டுப் போட்டவர்கள், கீழே பட்டியலில் பெயர் உள்ளவர்கள். நாம் எப்போதும் மேலே இருப்பதைப் பற்றித்தான் பேசுகிறோம், கீழே இருப்பது சரியான எண்தானா என்று யாரும் கேட்பதில்லை. சென்னையில் வாடகை ஒப்பந்தமே 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள். வடபழனியில் இருந்த குடும்பம் மேடவாக்கம் போகும், அங்கிருந்து ஆவடி போகும், பெயர் மட்டும் வடபழனியிலேயே கிடக்கும். இறந்தவர்களின் பெயரை நீக்கச் சொல்லிப் படிவம் 7 கொடுக்கிற வீடுகள் மிகக் குறைவு, துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது எப்படி நினைவு வரும்? சொந்த ஊரிலும் ஒரு பெயர், சென்னையிலும் ஒரு பெயர் என்று இருப்பவர்களும் உண்டு. அவர்களில் பலர் தேர்தலுக்கு முந்தின இரவு பஸ் பிடித்து ஊருக்குப் போய் அங்கே ஓட்டுப் போடுகிறார்கள். அந்த ஆள் ஊரில் கடமை செய்தவர், சென்னைக் கணக்கில் வராதவர். ஆள் ஒருவர்தான்.

2025 டிசம்பர் 19-ல், வீடு வீடாகச் சரிபார்த்து வாக்காளர் பட்டியலைத் திருத்தும் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது சென்னை மாவட்டத்தில் சுமார் 40 லட்சமாக இருந்த பெயர்கள் 26 லட்சத்துக்கும் கீழே இறங்கின. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதில் தவறாக விடுபட்டவர்களும் இருந்தார்கள், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அந்தப் பெயர்களில் பெரும்பகுதி உண்மையிலேயே அங்கே இல்லாதவர்கள் என்று வைத்துக்கொண்டால், இத்தனை வருடம் சென்னைக்காரர்களைத் திட்டியதில் எவ்வளவு நியாயம் இருந்தது என்று யோசிக்க வேண்டும். எளிய கணக்கு: 100 பெயரில் 54 பேர் வந்தால் 54%. அந்த 100-ல் 35 பேர் ஆளே இல்லாத பெயர்கள் என்றால் மீதி 65 பேரில் 54 பேர் வந்திருக்கிறார்கள். அது 83%.

சோம்பேறித்தனமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தி.நகர் தொகுதியில் 2021-ல் வெற்றி வித்தியாசம் வெறும் 137 ஓட்டு, அந்தத் தொகுதியில் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஆனால் யார் வேண்டுமென்று வரவில்லை, யார் வர முடியாமல் போனார்கள், யார் அங்கே ஆளாகவே இல்லை என்பது சதவீதத்தில் தெரியாது.

அப்படியானால் சதவீதம் கூடினால் மக்கள் ஆர்வம் கூடிவிட்டது என்று அர்த்தம் இல்லையா?

கூடியும் இருக்கலாம், பட்டியல் சுருங்கியும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம். பிகாரில் 2020 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு சுமார் 57%, 2025 நவம்பரில் சுமார் 67%. இடையில் அங்கேயும் தீவிரத் திருத்தம் நடந்து வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. ஆனால் அங்கே ஓட்டுப் போட்ட தலைகளின் எண்ணிக்கையும் நிஜமாகவே பல லட்சம் கூடியது. ஆகவே சதவீதத்தோடு, மொத்தம் எத்தனை பேர் போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்னொன்று, தேர்தல் அன்று மாலை வரும் எண்ணை நம்பிச் சண்டை போடாதீர்கள். 2024 ஏப்ரல் 19 மாலை தமிழ்நாட்டுக்கு 72.09% என்று சொன்னார்கள், இரவில் 69.46% ஆனது, கடைசியில் 69.72%. மாலையில் வருவது தொலைபேசியில் கேட்டுத் தொகுத்த தோராயம். பதிவான ஓட்டு எத்தனை என்று பூத்தில் நாங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு வேட்பாளர்களின் முகவர்களுக்கு நகல் கொடுக்கும் 17சி படிவத்தில் இருப்பதுதான் கணக்கு.

தீவிரத் திருத்தம் நல்லதா கெட்டதா? நேராகச் சொல்லுங்கள்.

பட்டியலைச் சுத்தம் செய்வது அவசியம். அதை நடத்திய வேகமும், விடுபட்டால் மறுபடி சேர்கிற சுமை முழுவதையும் வாக்காளர் தலையில் வைத்ததும் எனக்கு ஒப்பவில்லை.

நடந்தது இதுதான். 2025 நவம்பர் 4-ல் தொடங்கி வீடு வீடாகப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கி, 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று பொருத்தச் சொன்னார்கள். காலக்கெடு நீட்டித்தும் டிசம்பர் நடுவில் முடிந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை பெய்கிற மாதங்கள் அவை. படிவம் கொண்டுபோன பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், யார்? அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், கிராம நிர்வாக உதவியாளர். அவரவர் அன்றாட வேலையோடு இதையும் பார்த்தார்கள். வரைவில் மாநிலம் முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. சுமார் 27 லட்சம் பேர் இறந்தவர்கள், 3 லட்சத்துக்கு மேல் இரட்டைப் பதிவு, 66 லட்சத்துக்கு மேல் இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் காணப்படாதவர்கள். இந்தக் கடைசி வகையில்தான் எனக்குக் கவலை. காலை ஏழு மணிக்குக் கட்டட வேலைக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிறவரின் வீடு பகலில் எப்போதும் பூட்டித்தான் இருக்கும். மூன்று முறை போனாலும் பூட்டித்தான் இருக்கும்.

பிகார் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட்டில், விடுபட்ட 65 லட்சம் பேரின் பெயரையும் காரணத்தையும் வெளியிடச் சொன்னது. அது ரொம்ப முக்கியமான உத்தரவு. பெயர் போனதே தெரியாமல் தேர்தல் அன்று பூத்துக்கு வந்து தெரிந்துகொள்வதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி, கையில் பத்து வருடப் பழைய வாக்காளர் அட்டை, அட்டை உண்மையானது, பட்டியலில் பெயர் இல்லை. அட்டை இருந்தால் போதும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நான் வெறும் கையை விரித்தேன். வேறு வழி எனக்கும் இல்லை.

பட்டியலில் பெயர் விடுபடுவது புதிதா?

இல்லவே இல்லை. முதல் பொதுத்தேர்தலிலேயே நடந்தது. 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் எழுதப் போனபோது வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் அந்நிய ஆளிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதினார்கள். அப்படி எழுதியதை ஏற்க முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முடிவெடுத்தார், சொந்தப் பெயர் வேண்டும் என்றார். சுமார் 28 லட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் விடுபட்டார்கள். கொள்கையாகப் பார்த்தால் அது சரியான முடிவு, பெண் தன் பெயரோடுதான் குடிமகள் ஆக வேண்டும். ஆனாலும் அத்தனை லட்சம் பேர் அந்த முறை ஓட்டை இழந்தார்கள்.

பெண்கள் விஷயத்தில் பிற்பாடு நடந்தது நம்பிக்கை தரக்கூடியது. 1962-ல் ஆண்கள் 63%, பெண்கள் 47% அளவுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். 2019-ல் பெண்கள் ஆண்களைத் துளி முந்தினார்கள், 2024-லும் அப்படியே. படிப்பு, வேலை, சுயஉதவிக் குழு என்று பல காரணம் உண்டு. ஆனால் பூத்துக்குள் பெண்களுக்குத் தனி வரிசை இருப்பதும், ஆண்கள் வரிசையிலிருந்து ஒருவரை விட்டால் பெண்கள் வரிசையிலிருந்து இருவரை உள்ளே விடுவதும், பெண் அலுவலர் மை வைப்பதும் சின்ன விஷயம் இல்லை. கைக்குழந்தையோடு வருகிறவருக்கு இருபது நிமிடமா ஒன்றரை மணி நேரமா என்பதுதான் வருவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும்.

பூத் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? கூட்டத்துக்கு எல்லை உண்டா?

தூரம் இரண்டு கிலோமீட்டருக்குள் என்பது விதி. ஒரே ஒரு வாக்காளருக்காக 2019-ல் அருணாசலப் பிரதேசத்தின் மாலோகாம் என்ற இடத்துக்கு அலுவலர்கள் மலையேறி நடந்து போய் பூத் போட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

கூட்டக் கணக்குதான் நகரத்தில் இடிக்கிறது. ஒரு பூத்துக்கு அதிகபட்சம் 1,500 பேர் என்று இருந்ததை 2025-ல் 1,200 ஆகக் குறைத்தார்கள். இது ஏன் முக்கியம்? காலை 7 முதல் மாலை 6 வரை 11 மணி நேரம், அதாவது 660 நிமிடம். 1,500 பேரில் 70% வந்தால் 1,050 ஓட்டு, ஒரு ஆளுக்கு 38 விநாடி. பெயர் சரிபார்த்து, அடையாளம் பார்த்து, மை வைத்து, 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, சீட்டுக் கொடுத்து, இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட்டில் நாங்கள் பொத்தானை அழுத்தி, அவர் உள்ளே போய் ஓட்டுப் போட்டு, ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி கண்ணாடியில் தெரிந்து விழ வேண்டும். எல்லாம் 38 விநாடிக்கு ஒருவர். 1,200 பேர் என்றால் 47 விநாடி. அதுவும் நாள் முழுக்க ஒரே சீராக ஆட்கள் வந்தால். யாரும் அப்படி வருவதில்லை, காலை 7 முதல் 10 வரை நெரிசல், மதியம் வெயிலில் ஈ ஓட்டுகிற நிலை, 4 மணிக்கு மேல் மறுபடி நெரிசல்.

2021-ல் கொரோனாவுக்காக ஒரு பூத்துக்கு 1,000 பேர் என்று குறைத்து மாநிலத்தில் 88 ஆயிரத்துக்கும் மேல் பூத் வைத்தார்கள், நேரமும் இரவு 7 வரை. வரிசை நன்றாகவே குறைந்தது. அப்படியும் சென்னையில் 60 சதவீதத்தைத் தொடவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். பூத்தை மட்டும் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடாது.

நகரத்தில் நான் பார்த்த இன்னொரு தொல்லை, ஒரே பள்ளி வளாகத்தில் எட்டுப் பத்து பூத் இருக்கும். பூத் ஸ்லிப் வராதவர் எந்த அறை என்று தெரியாமல் ஒரு வரிசையில் அரைமணி நேரம் நின்று, மேசைக்கு வந்தபிறகு, பட்டியலில் உங்கள் பாகம் (பகுதி) இது இல்லை அடுத்த கட்டடம் என்று சொல்லக் கேட்டால், சிலர் அப்படியே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வாசலில் பட்டியலோடு உதவி மேசை போடுகிறார்கள்தான். அதில் விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த வளாகத்தில் சில நூறு ஓட்டு காப்பாற்றப்படும்.

ஆறு மணிக்கு வரிசையில் நின்றால் விடுவார்களா?

விடுவார்கள். 6 மணிக்கு வரிசையில் இருக்கும் அனைவருக்கும் சீட்டுக் கொடுப்போம், அதுவும் வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னால் வருவோம், யாரும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. சீட்டுக் கையில் இருந்தால் இரவு 9 ஆனாலும் போடலாம்.

தேர்தல் தேதியால் வாக்குப்பதிவு மாறுமா?

நிச்சயமாக. 2019 ஏப்ரல் 18-ல் தமிழ்நாட்டில் தேர்தல் வைத்தார்கள். மதுரைக்காரர்களைக் கேளுங்கள், அன்று சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி அம்மன் தேரோட்டம், மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். ஊரே தெருவில் நிற்கும் நாள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. தேதி மாறவில்லை, மதுரைத் தொகுதிக்கு மட்டும் இரவு 8 மணி வரை நேரம் நீட்டித்தார்கள். நீட்டித்தது நல்லதுதான், ஆனால் பஞ்சாங்கத்தைப் பார்த்திருந்தால் அந்தத் தலைவலியே வந்திருக்காது.

பிற்பாடு தேர்தல் ஆணையம் இதில் காது கொடுக்கத் தொடங்கியது. 2023-ல் ராஜஸ்தானில் முகூர்த்த நாள் என்பதால் நவம்பர் 23-ஐ 25-ஆக மாற்றினார்கள். 2024-ல் ஹரியானாவில் பிஷ்னோய் சமூகத்தின் திருவிழாவுக்காக அக்டோபர் 1-ஐ 5-ஆக. அதே ஆண்டு பாலக்காடு இடைத்தேர்தலைக் கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்காக நவம்பர் 13-லிருந்து 20-க்குத் தள்ளினார்கள்.

வெள்ளிக்கிழமை வைத்தால் மூன்று நாள் விடுமுறையாகி ஆட்கள் வெளியூர் போய்விடுகிறார்கள் என்பார்கள். 2024-ல் நமக்கு வெள்ளிக்கிழமைதான். ஆனால் அதே மூன்று நாள்தான் சொந்த ஊரில் ஓட்டு வைத்திருப்பவருக்குப் போய்வர நேரம் தருகிறது. கிழமையைவிட ஏப்ரல் வெயில்தான் பெரிய எதிரி என்று பூத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்வேன். பந்தல், தண்ணீர், உட்கார நாற்காலி. இவை எல்லாம் உத்தரவில் இருக்கும், சில பூத்தில் தரையிலும் இருக்கும்.

லீவு விடுகிறார்களே, அப்புறம் என்ன?

சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு 1996 முதல் சொல்கிறது, தினக்கூலிக்கும் சேர்த்துத்தான். தராத முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. ஐந்நூறு ரூபாய்! ஹோட்டல், ஜவுளிக்கடை, செக்யூரிட்டி வேலை, உணவு கொண்டுபோகும் பையன்கள், இவர்களில் எத்தனை பேருக்கு அந்த நாள் சம்பளம் உண்மையில் கைக்கு வருகிறது என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். இந்தத் தொகையை மாற்றாமல் விழிப்புணர்வுப் பேரணி நடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வேலைக்காக வேறு ஊரில் இருப்பவர்கள் ஏன் அங்கிருந்தே போட முடியாது?

சட்டப்படி நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். ஆகவே திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பிகார்காரர் திருப்பூரிலேயே பதிவு செய்துகொள்ளலாம், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அவருடைய நிலம், ரேஷன், அப்பா அம்மா எல்லாம் ஊரில். இங்கே முகவரிச் சான்று தர வீட்டு உரிமையாளர் தயங்குவார். ஆகவே ஊரில் பெயர், இங்கே ஆள், ஓட்டு எங்கேயும் இல்லை. சூரத்திலும் மும்பையிலும் இருக்கும் நம் ஆட்களுக்கும் இதே கதைதான்.

2023 ஜனவரியில் ஆணையம் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றைக் கட்சிகளுக்குக் காட்ட அழைத்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை கையாளலாம் என்றார்கள். பல கட்சிகள் எதிர்த்தன. யார் புலம்பெயர்ந்தவர் என்று எப்படித் தீர்மானிப்பது, வேறு மாநிலத்தில் முகவர் வைக்க எங்களுக்கு ஆள் எங்கே என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகள் நியாயமானவை, அதற்காக விஷயத்தைக் கிடப்பில் போட்டது நியாயமில்லை. காஷ்மீர் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறியவர்களுக்கு ஜம்முவிலும் உதம்பூரிலும் டெல்லியிலும் சிறப்பு பூத் வைத்துப் பல தேர்தல்களாக நடத்துகிறார்கள். அளவு சின்னது, ஆனால் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள்?

2010-ல் சட்டம் திருத்தி அவர்களும் பட்டியலில் சேரலாம் என்றார்கள், படிவம் 6ஏ. ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். 2024-ல் பதிவு செய்தவர்கள் சுமார் 1.19 லட்சம், விமானம் ஏறி வந்து போட்டவர்கள் 2,958 பேர், அதில் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வளைகுடாவில் கட்டட வேலை பார்ப்பவர் டிக்கெட் போட்டு வருவாரா? அதே நேரம் ராணுவத்தில் இருப்பவர்களுக்கு வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பி, அச்செடுத்துத் தபாலில் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறது.

வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டிலிருந்தே போடலாமா?

85 வயதுக்கு மேற்பட்டவர்களும், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களும் போடலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுக்க வேண்டும், பி.எல்.ஓ.வே வீட்டுக்குக் கொண்டுவருவார். பிறகு ஒரு குழு வீட்டுக்கு வரும், மறைவாக உட்கார்ந்து சீட்டில் போட்டு உறையில் ஒட்டித் தர வேண்டும். 2024-ல் நாடு முழுக்க மக்களவைத் தேர்தலில் இது முதல்முறை நடந்தது. முன்பு 80 வயது என்று இருந்ததை அந்தத் தேர்தலுக்குச் சற்று முன் 85 ஆக்கினார்கள், 82 வயதில் முழங்கால் வலியோடு மாடிப்படி இறங்க முடியாதவரை நினைத்தால் எனக்கு அது வருத்தம். ஒன்று கவனம்: 12டி கொடுத்து அது ஏற்கப்பட்டுவிட்டால் பூத்தில் போட முடியாது.

தேர்தல் வேலை பார்க்கிறவர்கள் எப்போது போடுகிறார்கள்?

இது என் சொந்த வலி. தபால் ஓட்டு என்ற பெயரில் எங்கள் ஓட்டுகள் செல்லாமல் போன காலம் உண்டு. 2016-ல் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. அங்கே 203 தபால் ஓட்டுகளைத் தள்ளுபடி செய்தார்கள், காரணம், சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியர்கள் அதற்குத் தகுதியுள்ள அதிகாரிகள் இல்லை என்பது. வழக்கு நடந்து 2019-ல் உயர் நீதிமன்றம் அவற்றை எண்ணச் சொன்னது, முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. யார் கையெழுத்துப் போட வேண்டும் என்ற ஒரு வரி, ஒரு தொகுதியின் முடிவையே ஐந்து வருடம் கேள்விக்குறியாக்கி வைத்தது.

இப்போது பயிற்சி நடக்கும் இடத்திலேயே உதவி மையம் வைத்து அங்கேயே போட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். முன்பைவிடப் பல மடங்கு மேல்.

அடையாள அட்டை இல்லை, ரேஷன் கார்டு போதுமா?

போதாது. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்றவை செல்லும். 2024 பட்டியலில் குடும்ப அட்டை இல்லை. பூத் ஸ்லிப்பும் 2019 முதல் தனியாகச் செல்லாது. இரண்டையும் நம்பி வந்து திரும்பியவர்கள் என் பூத்திலேயே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால்?

தலைமை அலுவலரிடம் கேளுங்கள், 49பி (49P) விதிப்படி வாக்குச்சீட்டில் போட அனுமதி உண்டு. டெண்டர் ஓட்டு என்போம். தனி உறையில் வைப்போம். ஆனால் சாதாரண எண்ணிக்கையில் அது சேராது, வழக்கு வந்து நீதிமன்றம் சொன்னால்தான் திறப்பார்கள். அப்படியானாலும் போட்டுவிட்டுத்தான் போங்கள், பதிவாவது இருக்கும்.

சிறையில் இருப்பவர்கள்?

போட முடியாது, 62(5) பிரிவு. தண்டனை பெற்றவர் மட்டுமல்ல, விசாரணைக் கைதியும் போட முடியாது. ஜாமீன் கட்டப் பணம் இருந்தவர் வெளியே வந்து ஓட்டுப் போடுவார், பணம் இல்லாதவர் உள்ளே இருப்பார். குற்றம் இருவர் மீதும் நிரூபிக்கப்படவில்லை. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் தபால் ஓட்டு உண்டு.

உள்ளாட்சித் தேர்தலில் ஏன் இன்னும் குறைவு? நம் தெரு, நம் குடிநீர், அதற்குத்தானே அதிகம் வர வேண்டும்?

2022 பிப்ரவரி 19-ல் சென்னை மாநகராட்சிக்கு நடந்த தேர்தலில் சுமார் 43.6% தான். நகரங்கள் மொத்தத்தில் சுமார் 61%. 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய தேர்தல் அது. ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகள் ஊரை நடத்திப் பழகிவிட்டார்கள், மக்களும் யாரைக் கேட்பது என்றே மறந்துவிட்டார்கள். வார்டு எல்லையும் மாறியிருந்தது, என் வார்டு எது என்று எனக்கே தேடித்தான் தெரிந்தது. உரிய நேரத்தில் தேர்தல் நடத்தாததே ஓட்டுப் போடும் பழக்கத்தை அழிக்கிறது. கிராமத்தில் நிலைமை வேறு, வேட்பாளர் மாமனாகவோ பங்காளியாகவோ இருப்பார், போகாமல் இருந்தால் மறுநாள் முகம் பார்க்க முடியாது.

ஆஸ்திரேலியா மாதிரிக் கட்டாயம் ஆக்கிவிட்டால்?

அங்கே 1922-ல் 60 சதவீதத்துக்கும் கீழே இருந்தது, 1924-ல் கட்டாயச் சட்டம் வந்தது, 1925 தேர்தலில் 91 சதவீதத்தைத் தாண்டியது. அபராதம் 20 டாலர்தான். ஆனால் அந்தச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசக் கூடாது. அங்கே தேர்தல் சனிக்கிழமை, முன்கூட்டியே போடலாம், தபாலில் போடலாம், தன் மாநிலத்துக்குள் எந்த பூத்திலும் போடலாம். வீடு மாறினால் ஆணையமே பிற அரசுப் பதிவுகளைப் பார்த்துப் பட்டியலைத் திருத்துகிறது. போடாதவனைக் கேட்கும் உரிமை அதன் பிறகு வருகிறது. குஜராத்தில் உள்ளாட்சிக்குக் கட்டாய ஓட்டு என்று 2009-ல் மசோதா நிறைவேற்றி, 2014-ல் ஒப்புதல் பெற்று, 2015-ல் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பெயர் பட்டியலில் இல்லாதவருக்கும், சம்பளத்தோடு லீவு கிடைக்காதவருக்கும் அபராதம் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

சரி, நான் இப்போது என்ன செய்வது?

இன்றைக்கே உங்கள் பெயரைத் தேடுங்கள், ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில், இல்லையென்றால் 1950 என்ற எண்ணில். அட்டை இருப்பதை வைத்து நிம்மதியாக இருக்காதீர்கள், பட்டியலில் பெயரும் பாக எண்ணும் வேண்டும். புதிதாகச் சேர படிவம் 6, வீடு மாறினாலோ எழுத்துப்பிழை இருந்தாலோ படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 நிறைந்தால் போதும், 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால் பெயர் சேர்க்கச் சட்டமே இடம் தராது. பலர் அதற்குப் பிறகுதான் ஓடி வருகிறார்கள்.

அப்புறம், உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா, வாசலில் இருக்கும் செக்யூரிட்டி, மாடியில் குடியிருக்கும் பையன்கள், இவர்கள் பெயரையும் ஒருமுறை தேடிக் கொடுங்கள். வீட்டு உரிமையாளராக இருந்தால் முகவரிச் சான்றுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதனால் உங்கள் வீட்டின் மீது அவர்களுக்கு எந்த உரிமையும் வந்துவிடாது, என்னிடம் இதைக் கேட்டுத் தயங்கிய மூன்று பேருக்கும் இதையேதான் சொன்னேன், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.